பனிமூட்டத்தைத் துடைத்துவிட்ட பிரதிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சோவியத் சிறுவர் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்தப் படம், யார் எடுத்தது, என்ன கதை என்பதெல்லாம் நிறைவாகவே இருந்தது. இன்றைக்கு அவற்றை எந்தப் பிரதியில் பார்ப்பது என்பதுதான் விடுபட்டுப்போயிற்று. கட்டுரையை நம்பிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இணையத்தில் தேடுபவர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் கெட்டுப்போன பிரதிதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

யூரி நார்ஷ்டெய்ன் 1975இல் எடுத்த ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’யை எடுத்துக்கொள்வோம். மொத்தமே பத்தரை நிமிடம். கரடியோடு உட்கார்ந்து நட்சத்திரம் எண்ணப் போகிற முள்ளெலி, வழியில் பனிக்குள் நிற்கும் வெள்ளைக் குதிரையைப் பார்த்து, அந்தப் பனிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கதை அவ்வளவுதான். படத்தின் உயிர் முழுவதும் அந்தப் பனியில் இருக்கிறது. அதைக் கையால்தான் செய்தார்கள். கண்ணாடித் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடையாக அடுக்கி, உச்சியில் கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தியிருந்தார்கள். முள்ளெலியின் தலையும் கைகால்களும் தனித்தனியாக வெட்டிய சிறு துண்டுகள். அவற்றைக் கண்ணாடி மேல் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் படம்பிடித்தார்கள். ஓவியம் பிரான்செஸ்கா யார்புசோவா, ஒளிப்பதிவு அலெக்சாந்தர் ஷுகோவ்ஸ்கி. பனிக்கு அவர்கள் பயன்படுத்தியது மிக மெல்லிய, ஒளி ஊடுருவும் ஒரு தாள். தாள் உருவத்தை ஒட்டிக் கிடக்கும்போது உருவம் தெளிவாகத் தெரியும். தாளை ஃபிரேமுக்கு ஃபிரேம் கேமரா பக்கமாக உயர்த்த உயர்த்த, உருவத்திலிருந்து வரும் ஒளி தாளில் சிதறி, கோடுகள் கரைந்து, கடைசியில் வெண்மை மட்டும் மிஞ்சும். முள்ளெலி தன் கையையே பார்க்க முடியாமல் தவிக்கும் இடத்தில் நாம் காண்பது இந்தத் தாளின் வேலைதான்.

இப்போது இந்தப் படத்தைக் கணினியில் ‘மெருகேற்றி’, 4கே என்றும் நொடிக்கு 60 ஃபிரேம் என்றும் போட்டு இணையத்தில் ஏற்றுகிறார்கள். மங்கலையும் ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் மணித்துகளையும் அந்த மென்பொருள் குறையாக எடுத்துக்கொள்கிறது. துடைத்தெடுக்கிறது. விளைவாக, படிப்படியாக அடர்ந்து வரவேண்டிய பனி தட்டையான வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது, முட்கள் கம்பிபோல் விறைத்து நிற்கின்றன. ஃபிரேம்களைக் கூட்டுவது இன்னும் மோசம். படம் ஓடுவது நொடிக்கு 24 ஃபிரேம். இடையில் இல்லாத ஃபிரேம்களை இயந்திரம் கற்பனை செய்து செருகும்போது, கை நிறுத்திய இடத்தில் முள்ளெலி நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். தயங்கித் தயங்கி அது எடுத்துவைக்கும் அடிகளின் அழகு அத்தனையும் போய்விடும். கோப்பின் விவரத்தில் 23.976 அல்லது 24 என்றிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். 25 என்றிருந்தால் பெரும்பாலும் தொலைக்காட்சிக்காக 4 விழுக்காடு வேகம் கூட்டியது. படம் ஏறக்குறைய 25 நொடி முன்னதாக முடியும், சுருதியும் சற்று ஏறியிருக்கும். 50, 60 என்றிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல பிரதி கிடைத்தாலும் வீட்டுத் தொலைக்காட்சி அதே கெடுதலைச் செய்யும். சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன் என்ற பெயரில் இருக்கும், இல்லாத ஃபிரேம்களைச் செருகும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போடுவது எளிது. இணைய வேகம் குறைந்து படத்தின் தரம் இறங்கினால் முதலில் அடிபடுவதும் பனிதான்: வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மாறவேண்டிய இடம் படிக்கட்டுபோலப் பட்டைபட்டையாகப் பிரிந்து தெரியும். இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடாமல், முன்கூட்டியே உயர்ந்த தரத்தில் சேமித்துவைத்துப் போடுவதே நல்லது.

அடுத்தது சட்டகம். இந்தப் படம் அகலமும் உயரமும் 1.37க்கு 1 என்ற பழைய விகிதத்தில் எடுக்கப்பட்டது. சரியான பிரதியில் இன்றைய திரையின் இடமும் வலமும் கறுப்புப் பட்டைகள் இருந்தே தீரும். அந்தப் பட்டை உறுத்துகிறதென்று திரை நிறைய விரித்தால் ஒன்று உருவங்கள் சப்பையாகும், அல்லது மேலும் கீழுமாக உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு வெட்டுப்படும். பனிக்குள் திடீரென எதிர்ப்படும் அந்தப் பெரிய மரத்தை அண்ணாந்து பார்க்கும் காட்சியில் கால்பங்கை இழந்தால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

லெவ் அத்தமானோவின் அனிமேஷன் படமான ‘பனி அரசி’க்கு (1957) வேறு வகைச் சிக்கல். 1959இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இசையையும் குரல்களையும் மாற்றி, முன்னால் கிறிஸ்துமஸ் காட்சி ஒன்றையும் ஒட்டினார்கள். தொடக்கத்தில் சதையும் ரத்தமுமான மனிதர்கள் வந்து பேசினால் அது அந்தப் பிரதி. அசலில் குடைகளோடு வரும் குட்டிக் கிழவர் ஓலே லுக்கோயேதான் கதையைத் தொடங்கிவைப்பார். அரசி மட்டும் மற்ற பாத்திரங்களைவிட மனித அசைவோடு நடப்பதைக் கவனியுங்கள். நடிகையை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்த உருவம் அது.

அலெக்சாந்தர் ப்துஷ்கோவின் ‘சத்கோ’ இதைவிடப் பரிதாபம். 1953இல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கிய படம். அமெரிக்காவில் 1962இல் வெட்டிச் சுருக்கி, ரஷ்யாவின் நோவ்கரோத் நகரத்துப் பாணனான சத்கோவைச் சிந்துபாத் ஆக்கிவிட்டார்கள். சத்கோ மகிழ்ச்சிப் பறவையைத் தேடி இந்தியாவுக்கு வரும் பகுதி நம் பிள்ளைகளை நிச்சயம் சிரிக்கவைக்கும். சோவியத் அரங்கமைப்பாளர்கள் கற்பனை செய்த இந்தியா அது! ஆங்கிலம் பேசும் சிந்துபாத் வந்தால் நிறுத்திவிட்டு மோஸ்ஃபிலிம் நிறுவனத்தின் யூடியூப் அலைவரிசைக்குப் போங்கள். அனிமேஷன் படங்களுக்கு சோயுஸ்முல்த்ஃபிலிம் நிறுவனத்துக்கும் அதேபோல் சொந்த அலைவரிசை உண்டு.

மொழி பெரிய தடையே இல்லை. ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’யில் பேச்சு மிகக் குறைவு, இரண்டே பக்கத்தில் தமிழில் எழுதிவிடலாம். பள்ளியிலோ நூலகத்திலோ திரையிடுபவர்கள் ஒருவரைத் திரையோரம் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லலாம். ரஷ்யக் குரல் தொடங்கி அரை நொடி விட்டு, தாழ்ந்த குரலில், உணர்ச்சி கூட்டாமல் வாசிக்க வேண்டும். பின்னணி ஒலியைக் குறைக்கவே கூடாது: மெயெரோவிச்சின் இசையும், அது நின்றுபோகும் இடங்களில் கேட்கும் இலைச் சலசலப்பும் வசனத்தைவிட முக்கியம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரமான் கச்சானோவின் பொம்மைப் படமான ‘முதலை கேனா’வை (1969) முதலில் போடுங்கள். அதில் வரும் செபுராஷ்கா என்ற குட்டிப் பிராணியின் பெரிய காதுகளைப் பார்த்து ஒட்டிக்கொள்வார்கள். முள்ளெலியை அதன் பிறகு, அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டுப் போடலாம். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் பனியின் சாம்பல் நிறங்கள் வெளுத்துவிடும் என்பதால், புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் மாலை ஆறரைக்கு மேல் தொடங்குவது உத்தமம்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்கத் திரையிடல் பொறுப்பாளர் ஒருவர்,
மதுரை