ஹீரோ ஏன் ஒரு தடவை சுட்டுவிட்டு நிற்கிறான்: உலக சினிமா விமர்சக நண்பர்களுக்கு ஒரு மடல்

வணக்கம் நண்பர்களே,

உலக சினிமாவைப் பத்து நிமிட வீடியோவில் கதை சொல்லி முடிக்கும் உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன், தனியாக யாரையும் குறி வைக்கவில்லை. அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் நடக்கும் கதையாக லான்ஸ் டேலி இயக்கி 2018இல் வந்த 'பிளாக் 47' படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஆளாளுக்கு ஒரே குறையைச் சொல்கிறீர்கள்: கதை நல்ல பழிவாங்கல் கதை, ஆனால் சண்டையில் வேகமே இல்லை, ஒரு குண்டு போட்டதும் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தியை எடுக்கிறார்கள்.

ஐயா, அது 1847. அப்போது சிப்பாய் கையில் இருந்தது குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும், ஈயக் குண்டைப் போட்டு நீளக் கம்பியை உருவி இடித்து, கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருகி, துப்பாக்கியின் குதிரையை (கேப்பைத் தட்டும் சுத்தியலை) இழுத்து, சின்னச் செப்புக் கேப்பை விரல் நுனியால் பொருத்தி, அப்புறம்தான் குறியே பார்க்க முடியும். உதடெல்லாம் கரி. நன்றாகப் பழகியவனுக்கே நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான். நூறு கஜம் தாண்டினால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது.

அந்தக் கேப் வேறொன்றுமில்லை, தீபாவளித் துப்பாக்கியில் சுருட்டிப் போடுவோமே, ஏறக்குறைய அதே சமாச்சாரம். அதற்கு முந்தையது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, மழை பெய்தால் வெறும் தடி. இதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 1841 மே மாதம் சீனாவில் கான்டன் நகருக்குப் பக்கத்தில், மதராஸ் 37ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை, குழல் முனையில் செருகும் கத்தியான பயனெட்டை வைத்தே சமாளித்தார்கள். கேப் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் வந்துதான் அவர்களை மீட்டார்கள். இனி படம் நடக்கும் மேற்கு அயர்லாந்தின் கானமாரா பகுதியின் ஓயாத தூறலை நினைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் 1845இல் அழுகத் தொடங்கியது, பத்து லட்சம் பேர் வரை செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அதே நேரத்தில் துறைமுகத்துக்குப் போகும் தானிய வண்டிகளுக்குப் பட்டாளம் காவல். லண்டன் கருவூலத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன்தான் 1859இல் நம் மதராஸுக்கு கவர்னராக வந்தவர், தெரியுமா? அந்த 1847 நவம்பரில் ராஸ்காமன் பக்கம் டெனிஸ் மஹோன் என்ற நிலப்பிரபுவை, இருட்டுகிற நேரம் அவர் வண்டி வரும் வழியில் காத்திருந்து சுட்டுக் கொன்றார்கள். குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கனடாவுக்குக் கப்பலேற்றியவர் அவர், போகிற வழியிலேயே ஏராளமானோர் செத்தார்கள். அடுத்த மாதமே ஒரு சட்டம் வந்தது: அரசு அறிவித்த மாவட்டங்களில் உரிமம் இல்லாமல் வெளியே ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. பசிக்குச் சட்டம் மெதுவாக வந்தது, துப்பாக்கிக்கு உடனே வந்துவிட்டது.

இதெல்லாம் தெரிந்தால் பேரி கியோகன் நடித்த ஹாப்சன் என்ற இளம் பிரிட்டிஷ் சிப்பாய்ப் பையனின் காட்சி வேறு மாதிரி தெரியும். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வெளியே பட்டினிக் கூட்டம், உள்ளே தானியம், தானியத்தைக் கொடுங்கள் என்று சொந்தத் தரப்பு ஆட்கள் மீதே அவன் துப்பாக்கியை நீட்டுகிறான். அவனிடம் இருப்பது ஒரே குண்டு. அதைப் போட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க அவனுக்கு யாரும் இருபது விநாடி தரப்போவதில்லை, அது அவனுக்கும் தெரியும், எதிரே நிற்பவர்களுக்கும் தெரியும். கையில் இயந்திரத் துப்பாக்கி இருந்திருந்தால் அது சாதாரண ஹீரோயிசம், நானும் விசில் அடித்துவிட்டு மறந்திருப்பேன்.

படத்தில் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நாயகன் ஃபீனி பிரிட்டிஷ் பட்டாளத்தின் கானாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படையிலிருந்து ஓடி வந்தவன், ஆப்கானிஸ்தானில் போரிட்டவன் என்கிறார்கள். நிஜத்தில் அந்தப் படை முதல் ஆப்கான் போருக்குப் போகவே இல்லை. இதை உங்களில் ஒருவராவது பிடித்திருக்கலாம், அதை விட்டுவிட்டு லேக் லேக் என்கிறீர்கள்! அப்புறம், அந்தக் காலப் போலீஸை 'ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி' என்று சொல்லாதீர்கள், ராயல் பட்டம் வந்தது 1867இல்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தம்ப்நெயிலில் ஃபீனி கையில் ரிவால்வரை ஒட்டுவதை நிறுத்துங்கள். அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836இலேயே தன் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், சரி, ஆனால் பிரிட்டனில் அது பரவியது 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு. ஏதாவது ஒட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு கத்தியை ஒட்டுங்கள், அது பொருந்தும்.