என்னையும் திரும்பிப் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

தம்பிக்கு நான் சிறுநீரகம் கொடுத்து இந்த ஆவணியோடு மூன்று வருஷம் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய், தண்ணீரைக்கூட அளந்து குடித்துக்கொண்டிருந்தவன் இப்போது சொம்பு நிறைய மோர் குடிக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அவனே நன்றி சொல்லிவிட்டான். எல்லார் கண்ணும் அவன் கட்டில் மேல் இருந்த நேரத்தில் என் பக்கமும் திரும்பிப் பார்த்தவர்களுக்கு நான் எழுதுவது இது.

ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த அக்கா, என் வீட்டுக்காரரையும் அம்மாவையும் வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டீர்கள். "மனசில்லன்னா இப்பவே சொல்லும்மா. உன் உடம்பு ஒத்துவரலன்னு நாங்களே சொல்லிடுவோம்." நான் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் மறுக்கவும் ஒரு வழி இருந்ததே, அதனால்தான் அந்தச் சம்மதம் முழுக்க என்னுடையதாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்த ராத்திரி, வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அழுதேன். சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருகிற வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன நர்ஸ் தங்கச்சிக்கு நன்றி.

டாக்டர் ஐயா, சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 0.7 இருந்தது 1.0 ஆனதைப் பார்த்து நான் நடுங்கியபோது பொறுமையாக விளக்கினீர்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகம் கொஞ்சம் பெரிதாகி, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைச் செய்யும், அதனால் இந்த ஏற்றம் எதிர்பார்த்ததுதான் என்றீர்கள். 1954-இல் பாஸ்டனில் தன் இரட்டைச் சகோதரனுக்குக் கொடுத்த ரொனால்ட் ஹெரிக், அதன்பின் 56 வருஷம் வாழ்ந்தார் என்று நீங்கள் சொன்ன அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். வருஷம் தவறாமல் பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்த்துக்கொள்கிறேன்.

முதுகு வலிக்கு வழக்கமாக வாங்கும் மாத்திரையைக் கேட்டபோது, "அக்கா, இது கிட்னிக்கு ஆகாது, டாக்டரைக் கேக்காம தரமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிய மருந்துக்கடைத் தம்பி, அன்றைக்கு உன்மேல் கோபப்பட்டேன். மன்னித்துக்கொள்.

அப்புறம், அத்தை. ஆறு வாரம் ஒரு குடம் தூக்கவிடவில்லை நீங்கள். அதைவிடப் பெரிது மூன்றாம் மாதம் செய்தது. தம்பி நன்றாக நடமாட ஆரம்பித்துவிட்டான். நான் தையல் மெஷின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே களைத்துப்போய், காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்று ஊரே சொன்னது. நீங்கள் மட்டும், "உடம்புல இருந்து ஒண்ணு போயிருக்கு, மனசு தேடாதா? அழுதுட்டுப் போ" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கு அப்புறம்தான் நான் தேறினேன்.

இப்போது பழையபடி முழு நாளும் தைக்கிறேன். தீபாவளித் துணிகள் வர ஆரம்பித்துவிட்டன. முதல் ரவிக்கை அத்தைக்கு, வெட்டி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து ஒரு தையல்காரி