சுற்றுலாப் பேருந்தும் பெண்களின் தாகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் முடிந்த வாரத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த நாங்கள் தோழிகளும் அவரவர் வீட்டாருமாக 40 பேர் ஒரு பேருந்தை வாடகைக்குப் பேசி, திருவதிகை, வடலூர், வீராணம் வழியாகக் காட்டுமன்னார்கோயில் வரை ஒருநாள் சுற்றுலா சென்று வந்தோம். பெண்கள் 22 பேர். பாதிக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள்.

காலையில் திருவதிகை வீரட்டானேசுவரரைத் தரிசித்துவிட்டு வெளியே டீ வாங்கியபோது, என் பக்கத்து இருக்கைத் தோழி ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியைத் தன் கணவரிடம் கொடுத்துவிட்டார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர் அவர். மாத்திரையை விழுங்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தண்ணீரே அன்று காலை அவர் குடித்தது. கேட்டதற்கு, "வழியில எங்க இறங்கறது?" என்றார். விசாரித்துப் பார்த்தால், பேருந்தில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் முதல்நாள் இரவிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

பண்ருட்டியைத் தாண்டியதும் ஒருவருக்கு அடக்க முடியாமல் போயிற்று. ஓட்டுநர் நிறுத்திய இடத்தில், ஒரு வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டுப் பால் பட்டுப் புண்ணாகாமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வேலை செய்தும், அந்த வீட்டு அம்மாவின் விரல்நுனிகள் கறுத்துத்தான் இருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட அவர், கொல்லைப்புறத்தில் இருந்த தம் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டு, ஒரே ஒரு பிளாஸ்டிக் குடத்தில் கைப்பம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் பின் ஒருவராக 17 பெண்கள் போனோம். முக்கால் மணி நேரம் அவருடைய வேலை கெட்டது. கொட்டை உடைப்பவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு வடலூர் தருமச்சாலையில் இன்றும் எரிவதைக் கண்டு நின்றபோதும் எனக்கு அந்த அம்மாவின் நினைவாகவே இருந்தது. அதன்பின் சேத்தியாத்தோப்பைக் கடந்து வீராணம் ஏரிக்கரையில் போனோம். பராந்தக சோழன் காலத்து ஏரி, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் கொடுக்கும் ஏரி, கரை தொட்டுக் கிடந்தது. ஓரத்தில் கொக்கும் நாரையும் நின்றன. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே எங்கள் பெண்கள் வறண்ட வாயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஓர் ஊரில், பொதுக் கழிப்பறை என்று பெயர் எழுதிய கட்டடத்தைக் கண்டு ஆவலோடு இறங்கினோம். கதவில் பூட்டுத் துருப்பிடித்திருந்தது. படியில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். கட்டுவதற்குப் பணம் கிடைத்திருக்கிறது, பெருக்கித் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் கிடைக்கவில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

நீரை அடக்குவதும், அதற்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமலிருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிசெய்யும் என்று மருத்துவர்கள் சொல்வது யாரும் அறியாததல்ல. ஆகவே, இருக்கும் கட்டடங்களைத் திறந்து, சுய உதவிக் குழுப் பெண்களிடம் பராமரிப்பை ஒப்படைத்து, கட்டணம் வாங்கிக்கொள்ளவும் அனுமதிக்குமாறு பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து ரூபாய் கொடுக்க எங்களில் ஒருவரும் தயங்க மாட்டோம். பயணம் ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பார்க்கப்போகும் கோயில்களை வரிசையாக அச்சிட்டுத் தரும் அதே தாளில், பெண்கள் இறங்க வசதியுள்ள இடங்களையும் நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். அதற்காகப் பட்டியலில் ஒரு கோயில் குறைந்தாலும் பரவாயில்லை. மாசி மகத்துக்குப் பின் பிச்சாவரம் போவதாக இருக்கிறோம். அந்தத் தாளை இந்த முறை நானே தயாரிக்கத் தொடங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.