கணவர் குடிப்பாரா என்று கேட்டார்கள், அவளைக் கேட்கவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறையில் தாய் சேய் நலத்தைக் கவனிக்கும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு மையத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பிறந்த குழந்தைக்குக் காது சோதனை, அங்கன்வாடிக்கு வண்டியில் வரும் டாக்டர் குழு, 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தக் காப்பீடு, இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு நன்றி சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். நன்றி. இனி குறை.

போன மாதம் எங்களிடம் ஒரு பையன் வந்தான். தேயிலை எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளை, 4 வயது. பிறந்த மூன்றாம் நாள் காதில் சின்னக் குமிழை வைத்து ஓ.ஏ.இ. சோதனை செய்திருக்கிறார்கள். அட்டையில் ‘பாஸ்’ என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பி நாலு வருடம் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஒரு நேரம் திரும்புவான். மாதாமாதம் சளி, காதில் நீர். அங்கன்வாடியில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிட்டான். அவன் பாட்டி சொன்ன பெயரை நான் எழுத விரும்பவில்லை.

அவன் அம்மாவிடம் மெதுவாகப் பேசினேன். கொழுந்து பறித்து, மழையில் நனைந்து, மாலையில் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்குமாம். புருஷன் வாங்கி வரும் குவார்ட்டரில் இரண்டு மூடி, வலி அதிகமான நாளில் நாலு மூடி. வயிற்றில் பிள்ளை இருப்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் விடவில்லை, ஏனென்றால் விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. “நர்ஸம்மா கேட்டாங்க டீச்சர். உன் வீட்டுக்காரர் குடிப்பாரான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.” அவ்வளவுதான். ‘நீ?’ என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது மூடிக் கதையை எடுத்துவிடச் சொன்னாள். மறுநாள் வந்து, இருக்கட்டும், பெயர் மட்டும் போடாதீங்க என்றாள்.

இவன் காதுக்கு அந்த மூடிகள்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால், பிறந்த அன்றே இவன் காதைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளைகள் வரிசையில் வைத்திருக்கலாம் அல்லவா?

பெரா சோதனைக்கு அவர்கள் அலைந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். பிள்ளை அசையாமல் தூங்கினால்தான் தலையில் ஒட்டிய கம்பிகளில் காது நரம்பின் அலை பதிவாகும். அதனால் முந்தின இரவு தூங்கவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். விடிகாலை நாலரை பஸ். அதுவரை அவனை முழிக்க வைத்து, பஸ்ஸிலும் கிள்ளி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே போயிருக்கிறாள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு, தூங்கவிடாமலிருக்க, பாட்டு! கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து சமவெளி வந்ததும் அவன் தூங்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது கண்ணை அகல விரித்து உட்கார்ந்துகொண்டான். தூக்க மருந்து கொடுத்தார்கள், வாந்தி எடுத்தான். இன்னொரு நாள் வாங்க என்றார்கள். அந்த இன்னொரு நாள் ஆறு வாரம் கழித்து வந்தது. அன்றைக்கும் அதே கதை. மூன்றாவது தடவை முந்தின நாளே போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்து முடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் கூலி போனது. அங்கே இருந்த ஆடியாலஜிஸ்டைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நாற்பது பேர் நின்றால் ஒருத்தர் என்ன செய்வார்?

முடிவில் தெரிந்தது: நடுக்காதில் நீர், அதோடு நரம்பு வழியிலும் தாமதம். ஓ.ஏ.இ. உள்காது நத்தைக்கூடு வரைதான் பார்க்கும், அதற்கு மேலே மூளைக்குப் போகும் பாதையைப் பார்க்காது. பிறகு வருகிற நீரை, பிறந்ததும் செய்யும் எந்தச் சோதனையும் பார்க்காது. மது தொப்புள்கொடி வழியாக நேரே பிள்ளைக்குப் போகிறது. அதை முறிக்கிற சக்தி அந்தச் சின்னக் கல்லீரலுக்கு இல்லை. காது உருவாக ஆரம்பிப்பது நாலாவது வாரத்தில், அதாவது தாய்க்கே விஷயம் தெரிவதற்கு முன்னால். ஐந்தாம் மாதத்தில் நத்தைக்கூடு முழு அளவை எட்டிவிடுகிறது. நடுவில் கெட்டது கெட்டதுதான். சில பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் கூச்சல் நிறைந்த அறையில் சொல் பிரிந்து கேட்காது. இந்தப் பிள்ளைகளைத்தான் கவனமில்லாதவன் என்று மூலையில் உட்கார வைக்கிறோம்.

இது புதுச் செய்தியும் இல்லை. பிரான்சில் நான்ட் நகரத்து டாக்டர் லெமுவான் 1968-லேயே குடிக்கும் தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர்கள், கருவிலேயே மது தாக்கிப் பிள்ளைக்கு வரும் அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார்கள். 1988-ல் சர்ச், கெர்கின் என்ற இருவர் அப்படிப்பட்ட 14 பிள்ளைகளின் காதைப் பார்த்தபோது 13 பேருக்கு நடுக்காதில் திரும்பத் திரும்ப நீர் கோத்திருந்தது, 4 பேருக்கு உள்காதுக் குறையும் இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நான் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். கர்ப்பம் பதிவு செய்யும்போது தாயிடம், தனியாக, மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, திட்டாமல் கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பிள்ளையின் காதைப் பள்ளிக்குப் போகும்வரை விடாமல் பாருங்கள். ‘நம்ம ஊர்ப் பொம்பளைங்க குடிக்க மாட்டாங்க’ என்ற மரியாதை எங்களுக்கு வேண்டாம். உடம்பு அலுப்புக்கு மூடிக் கணக்கில் குடிப்பவள் அதைக் குடி என்றே நினைப்பதில்லை. ஒயின் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று வாங்கிக் கொடுக்கிற படித்த குடும்பங்களும் உண்டு. அவர்களையும் கேளுங்கள்.

பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் துறை இல்லை, டெல்லியையும் கேட்க வேண்டும் என்பீர்கள், தெரியும். நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதினார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்றும் எழுதினார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி வண்டி ஓட்டப் போவதில்லை, அதனால் அவளுக்குப் பரவாயில்லை போலிருக்கிறது! அமெரிக்காவில் 1989 முதல் கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று பாட்டிலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2023 முதல் படமும் கட்டாயம். இங்கே அரசே விற்கிற கடையில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை. விற்பதும் அரசு, பிறகு காது கேட்கும் கருவி கொடுப்பதும் அரசு. கணக்கு எனக்கு விளங்கவில்லை.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். தயவுசெய்து அந்த ஒரு கேள்வியைப் பதிவில் சேருங்கள். பெரா கருவியை மாதம் ஒரு நாளாவது மலைக்கு அனுப்பினால், பிள்ளைகள் அவரவர் ஊரிலேயே தூங்குவார்கள்.

அந்தப் பையனின் அம்மா வயிற்றில் இப்போது இரண்டாவது பிள்ளை, நாலு மாதம். வருகிற செவ்வாய்க்கிழமை லயனுக்கு நர்ஸம்மா வருகிறார். உத்தரவு அதற்குள் வராது என்று தெரியும். அதனால் அன்றைக்கு நானே போய் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேச்சுப் பயிற்சி ஆசிரியை