பட்டியலைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

மதுரை மாநகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்களுக்குத் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது ஒவ்வொரு வாக்காளரையும் வீடு வீடாகச் சரிபார்த்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் பணி, 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. அன்று முதல், பெயர் சேர்க்கவும் ஆட்சேபிக்கவும் தரப்பட்ட காலக்கெடு முடியும் வரை, எந்தக் கட்சியையும் சாராத எங்கள் வாக்காளர் உதவிக் குழு செல்லூர், ஆனையூர், வில்லாபுரம், அவனியாபுரம் பகுதிகளிலும், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றிலும் வேலை செய்தது. அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் குழுவுக்கு வெளியே இருந்தவர்கள்தாம். அவர்களுடைய பெயர்களை வெளியிடலாமா என்று கேட்டபோது, பெரும்பாலோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிலர் அரசுப் பணியில் இருப்பவர்கள், சிலர் கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள், மற்றவர்கள் கூச்சப்பட்டார்கள். ஆகவே அவரவர் செய்த வேலையைச் சொல்லி இங்கே நன்றி கூறுகிறோம். இன்னார் என்பது அவரவர் தெருவுக்குத் தெரியும்.

வேலையின் அளவைப் புரிந்துகொள்ளச் சில எண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருத்தத்துக்கு முன் மாநிலத்தில் ஏறத்தாழ 6.41 கோடி வாக்காளர்கள் இருந்தனர். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் இருந்தவர்கள் 5.43 கோடிப் பேர். இடையில் விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில், இறந்தவர்கள் என்று காட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 27 லட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பதிவானவர்கள் 3 லட்சத்துக்கு மேல். இந்த இரண்டு வகைப் பெயர்களும் நீங்க வேண்டியவையே. இறந்தவர் பெயரில் இன்னொருவர் வாக்களிப்பதும் தேர்தலுக்குச் செய்யும் துரோகம்தான் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எஞ்சிய 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்தாம் எங்கள் கவலைக்குரியவர்கள். அவர்கள் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். இறந்தவருக்கு வாக்கு இல்லை. வீடு மாறியவருக்கு உண்டு. வாடகை கூடியதால் செல்லூரிலிருந்து ஆனையூருக்குக் குடிபோன நெசவுத் தொழிலாளியும், முறுக்குக் கம்பெனி வேலைக்காக வெளிமாநிலம் போய்ப் பொங்கலுக்கு மட்டும் ஊர் திரும்பும் உசிலம்பட்டிக் குடும்பமும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எங்கோ ஓர் இடத்தில் வாக்காளராக இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் பெயர் நீங்கி, மற்றோரிடத்தில் சேராமல் போனால், அந்த இடைவெளியைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் செய்தி சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கு உரியது. எங்கள் பகுதியில் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்களில் பலர் அங்கன்வாடிப் பணியாளர்கள். பள்ளி ஆசிரியர்களும் மாநகராட்சி ஊழியர்களும் இருந்தார்கள். தங்கள் வழக்கமான வேலையை முடித்துவிட்டு, மழை நாள்களில் வீடு வீடாக ஏறி இறங்கி, கணக்கீட்டுப் படிவத்தை இரண்டு படிகளாகக் கொடுத்து, நிரப்பியதைத் திரும்ப வாங்கி, ஒரு படியில் ஒப்புகைக் கையெழுத்திட்டு, இரவில் அமர்ந்து செயலியில் பதிவேற்றியவர்கள் அவர்கள். பூட்டியிருந்த வீடுகளுக்கு விதிப்படி போக வேண்டிய முறைகளுக்கு மேலும் போனவர்களை எங்களுக்குத் தெரியும். திருத்தத்தின் மீது எங்களுக்கு இருந்த குறைகளைக் கேட்கும்போதெல்லாம், "அதை மேலே சொல்லுங்கள் ஐயா, இந்தத் தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன அங்கன்வாடி அக்காவின் நிதானம் எங்கள் குழுவில் எவருக்கும் வாய்க்கவில்லை. மேலிடத்தில் வகுத்த அவசரக் காலக்கெடுவின் பளு முழுவதும் கடைநிலை ஊழியர் தலையில் இறங்கியது நியாயமில்லை என்பதையும் இந்த இடத்திலேயே பதிவு செய்கிறோம்.

எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது பழைய பட்டியலில் பெயரைத் தேடுவது. வாக்காளர் தம்முடைய பெயரையோ பெற்றோர், பாட்டன் பாட்டியின் பெயரையோ 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் 2008இல் தொகுதி மறுவரையறை நடந்தபோது நம் மாவட்டத்தின் சமயநல்லூர், சேடப்பட்டித் தொகுதிகள் இல்லாமற்போயின. மாநகரத் தொகுதிகளின் எல்லைகளும் பெயர்களும் மாறின. இன்று மதுரை வடக்கு என்று அட்டையில் படிப்பவருக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் தம் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்பது நினைவில் இருப்பதில்லை. கதவிலக்கங்கள் மாறியிருந்தன, அன்றைய அடையாள அட்டை எண்ணும் இன்றைய எண்ணும் பலருக்கு வேறு வேறாக இருந்தன. அந்த நாள்களில் எங்களுக்குக் கிடைத்த பெரும் கொடை, வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எந்தத் தெரு பட்டியலின் எந்தப் பாகத்தில் இருந்தது, எந்தப் பள்ளியில் வாக்குச்சாவடி போட்டார்கள் என்பதைப் பெரும்பாலும் தாளைப் பார்க்காமலே சொன்னார். "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டீர்கள்?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, இணையதளத்தின் தேடுபெட்டியைவிட விரைவாக விடை தந்தது.

பழைய பட்டியல் அதிகம் அலைக்கழித்தது பெண்களைத்தான். சேடப்பட்டிப் பக்கம் பிறந்து வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அன்று பதினெட்டு வயது நிரம்பியிருந்தால், பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் தகப்பனார் பெயருடன் இருக்கும். இன்றைய அட்டையில் கணவர் பெயர் இருக்கும். முன்னெழுத்து மாறியிருக்கும். ஈசுவரி என்பது ஈஸ்வரியாகவும், பஞ்சவர்ணம் என்பது வேறு ஏதோவாகவும் அச்சாகியிருக்கும். ஆண்கள் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே, தகப்பன் பெயரோடு, மாறாத முன்னெழுத்தோடு இருந்துவிடுவதால், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அதன் சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த சகோதரிகள். பிறந்த வீட்டுக்குப் பேசி, அண்ணனையோ அண்ணன் மகனையோ அந்த ஊர்ப் பட்டியலைப் பார்க்கச் சொல்லி, பாக எண்ணையும் வரிசை எண்ணையும் தொலைபேசியிலேயே வாங்கி எழுதினார்கள். எந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, அங்கே யார் மூலமாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. சொத்துத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருந்த ஓர் அண்ணன், தங்கையின் வாக்குக்காகத் தாமே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துச் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவருக்கும் எங்கள் நன்றி.

நகல் எடுத்த வகையில் பாதிக் காசு மட்டும் வாங்கிக்கொண்ட ஜெராக்ஸ் கடைக்காரர், நீக்கப்பட்டோர் பட்டியலைத் தம் நிறுத்தத்துப் பலகையில் ஒட்ட இடம் தந்து, நனைந்தபோது தாங்களே மாற்றி ஒட்டிய ஆட்டோ ஓட்டுநர்கள், சனி, ஞாயிறுகளில் மண்டபத்தின் முன்கூடத்தை இலவசமாகத் திறந்துவிட்ட சமுதாயப் பெரியவர்கள், கணக்கில் எழுதாமல் தேநீர் கொடுத்த கடைக்காரர் ஆகியோரும் எங்கள் நன்றிக்கு உரியவர்கள்.

கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்கு நன்றி சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு முகவர்கள், ஒரே திண்ணையில் அமர்ந்து, தத்தம் பிரதிகளை ஒப்பிட்டு, யார் உண்மையிலேயே காலமானார், யார் அடுத்த தெருவுக்குப் போனார் என்று பிரித்துக் கொடுத்தார்கள். தேர்தல் மேடையில் அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தம் கட்சிக்கு வாக்களிக்க மாட்டார் என்று தெரிந்த மனிதருடைய பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்களே, அந்த நேர்மைக்கு மரியாதை செய்யாமல் இருக்க முடியாது.

பட்டியலுக்கு அடுத்தபடியாக எங்களை ஓய்வில்லாமல் வைத்திருந்தவை வதந்திகள். படிவம் கொடுக்காதவர்களுக்கு ரேஷன் நின்றுவிடும் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. படிவத்தை ஏற்க ஓடிபி வேண்டும் என்று கேட்டு வந்த அழைப்புகளால் வயதானவர்கள் கலங்கினார்கள். வீட்டுக்கு வரும் அலுவலர் ஓடிபி கேட்க மாட்டார் என்பதைத் துண்டறிக்கையாக அடித்து வீடு வீடாகக் கொடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பரப்புகிறவரோடு சண்டைக்குப் போகாமல், அந்தப் பதிவு வந்த அதே குழுவில், அதே பெரியம்மா மாமாக்கள் கேட்கும்படி, தங்கள் சொந்தக் குரலில் நிதானமாக ஒரு மறுப்பைப் பேசி அனுப்பும் வழியை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். தெரிந்த பிள்ளையின் குரலுக்கு இருக்கும் மதிப்பு தெரியாதவர் குரலுக்கு இல்லை என்பதை நாங்கள் அவர்களிடம் கற்றோம்.

குரலையே நம்ப முடியாத காலமும் வந்துவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில், காலமான முன்னாள் முதல்வர்கள் கருணாநிதியும் ஜெயலலிதாவும் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் பேசியதை நாம் கேட்டோம். அவை அவரவர் கட்சித் தரப்பிலிருந்தே, இன்ன வகையில் உருவானவை என்று தெரியும்படி வெளிவந்தவை. அதனால் எவரும் ஏமாறவில்லை. ஆனால் அறிவிப்பு எதுவும் இல்லாமல், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவில் ஒரு வேட்பாளரின் குரல் வந்தால் என்ன செய்வது? போலிக் காணொளியைக் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. ஓர் இரவுக்கு மூன்று மணி நேரம் மிக நீண்டது என்பதே எங்கள் கருத்து. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, அச்சத்தில் ரயிலேறியவர்கள் எத்தனையோ பேர். அன்று ஒவ்வொரு காணொளியும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று தோண்டி எடுத்துச் சொன்ன உண்மை சரிபார்ப்பாளர்களுக்கும் இந்த மடலில் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். மாணவர்களுக்கு நாங்கள் நடத்திய பயிற்சியில் பாதி அவர்கள் முறையைப் பார்த்துச் செய்ததே.

நாங்கள் நேரில் கண்டிராதவர்களுக்கும் கடன் பட்டிருக்கிறோம். இதே திருத்தம் 2025இல் முதலில் பீகாரில் நடந்து, வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, எந்தப் பெயர், என்ன காரணம் என்பது வெளியே தெரியவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கமும் பிறரும் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் காரணத்துடன் வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. அடையாளத்துக்கு ஆதாரையும் 12ஆவது ஆவணமாக ஏற்க வேண்டும் என்று செப்டம்பர் 8 அன்று நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு நடந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தில் காரணத்தோடு கூடிய நீக்கப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைத்தது. ஆட்டோ நிறுத்தத்தில் நாங்கள் ஒட்டியது அந்தப் பட்டியலைத்தான். 1999இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய அதே சங்கம்தான், வேட்பாளர் தம் குற்ற வழக்குகளையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும், கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த தீர்ப்புக்கும் வழக்காடியது. டெல்லியில் நடக்கும் வழக்கு நமக்கு என்ன என்று எங்கள் கூட்டமொன்றில் ஒருவர் கேட்டார். பலகையில் தம் மருமகள் பெயரைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

இந்த வட்டாரத்துக்கு வாக்கின் விலை தெரியும். பட்டியல் சாதியினர் மட்டுமே தலைவராகப் போட்டியிடும் தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதேபோல் தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும், பக்கத்து மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்த முடியாமலிருந்து, 2006 அக்டோபரில்தான் நடந்தது. அந்தப் பத்தாண்டுகளில் சளைக்காமல் உண்மை அறியும் குழுக்களை அனுப்பியும், ஊருக்குள் பேசியும், மனுப் போட்டும் வந்த இயக்கங்களையும் அமைப்புகளையும் எங்களுக்கு முன்னோடிகளாக எண்ணுகிறோம். 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு நம் திருமங்கலத்தின் பெயர் வாக்குக்குப் பணம் கொடுக்கும் முறைக்கே அடைமொழியாகிப்போனது. அந்த அவப்பெயரோடும் நாம் வாழ்கிறோம். பண உறையைத் திருப்பிக் கொடுத்தவர்களும் அந்த ஊரில் உண்டு என்று சொல்லும் நண்பர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியே நன்றி.

படிவங்களை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞர்களுக்கு இரண்டு விதத்தில் கடன் பட்டிருக்கிறோம். சரிபார்த்துக் கொடுத்தது ஒன்று; இன்னும் முடியாத சில கோப்புகள் அவர்களிடம் இருப்பது இன்னொன்று. விசாரணைக்கு அழைப்பு வந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு திகைக்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமான மண்டபத்துக்கு வந்தால் உடன் வர ஆள் தருகிறோம். பெயர் விடுபட்டவர்கள் உறுதிமொழியுடன் படிவம் 6 கொடுக்க இப்போதும் வழி உண்டு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் நெருங்கிவிட்டால் பரிசீலிக்க நேரம் போதாது என்பதால் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். முகவரி மட்டும் மாறியவர்களுக்குப் படிவம் 8. இரண்டும் ஜெராக்ஸ் கடையில் வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த முறை அவருக்கு முழுக் காசையும் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
வாக்காளர் உதவிக் குழுவினர்,
மதுரை.