பின்சக்கரம் தள்ளும் கார் தேடும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தென்மலைக்கு மாற்றலானதிலிருந்து வீட்டிலுள்ள ஒரே காரை நீ எடுத்துச் சென்றுவிடுவதால், பிள்ளையைத் தென்காசிப் பள்ளிக்குக் கொண்டுவிட உன் மனைவி ஆட்டோவுக்குக் காத்து நிற்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மலைக்கு நீ ஓட்டிப் போக இரண்டாவதாக ஒரு பழைய கார் வாங்கலாம், அது பின்சக்கரத்தால் ஓடுவதாக இருக்க வேண்டும், மூன்று லட்சத்துக்குள் முடிய வேண்டும் என்று எழுதி, மூன்று வண்டிகளின் படங்களையும் அனுப்பியிருந்தாய். கொட்டாரக்கரையிலிருந்து 2010ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 320டி, திருநெல்வேலியில் ஒரு கான்டெஸா, கடைசியில் மனசில்லாமல் சேர்த்தது போல ஒரு மாருதி ஆம்னி வேன். புளியரை மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்கும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் பலர் இருப்பதால், உனக்கு எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பின்சக்கர வண்டி வேண்டும் என்ற உன் ஆசையில் தவறில்லை. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. முன்சக்கரத்தால் இழுக்கும் கார் அந்த நேரத்தில் பிடிப்பை இழந்து, ஈரமான கொண்டையூசி வளைவில் முதல் கியரில் சக்கரத்தைச் சும்மா சுழற்றுவதை நீயே அனுபவித்திருப்பாய். பின்சக்கர வண்டியிலோ பாரம் விழுகிற இடத்திலேயே இழுவையும் இருக்கிறது. முன்சக்கரங்களுக்குத் திரும்புவது மட்டுமே வேலை. ஆளும் சாமானுமாக நிறைந்த ஆம்னி மலையில் முனகிக்கொண்டாவது ஏறிவிடுவதற்கு இதுதான் காரணம்.

இறக்கத்தில் கணக்கு மாறிவிடும். 2009இல் புனலூர்த் தரகர் ஒருவரிடம் நான் ஓர் ஆம்னி வாங்கினேன். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) முக்கால்வாசி இருந்தது, அதைப் பார்த்துத் திருப்தியடைந்தேன். ஆடிச் சாரலில் ஒரு மாலை, ஆரியங்காவிலிருந்து தனியாகத் திரும்பும்போது, கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவுக்குச் சற்று முன்னால், வேகத்தைக் குறைக்க மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விட்டேன். இன்ஜினின் தடுப்பு முழுவதும் பாரமே இல்லாத பின்சக்கரங்களில் போய் விழுந்ததால், வண்டியின் வால் மலைப்பக்கமிருந்து பள்ளப்பக்கமாக வீசியது. பதறிப்போய் பிரேக்கையும் மிதித்துவிட்டேன். அதுதான் செய்யவே கூடாதது. வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது, கீழேயிருந்து எம்-சாண்ட் ஏற்றி வந்த டாரஸ் லாரி பத்தடி தள்ளி நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து என்னைத் திட்டாமல் டயரைத்தான் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டி, "அண்ணாச்சி, இது ரெண்டாயிரத்துல செஞ்ச டயர்" என்றார். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒன்பது வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த ரப்பர் கட்டையாக இறுகியிருந்தது. பட்டன் எவ்வளவு இருந்து என்ன பயன்?

ஆகவே எந்த வண்டியை வாங்கினாலும், வாங்கிய வாரத்திலேயே நான்கு டயர்களையும் மாற்றப் பணம் ஒதுக்கி வை. இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் புதியவற்றைப் பின்னால் போடு. வால் வீசினால் எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட வேண்டும். இது படித்து வருவதில்லை. மழை நாளில் காலியான மைதானத்தில் மெதுவாகச் செய்து பார்த்துக் கைக்குப் பழக்க வேண்டும்.

இனி நீ காட்டிய வண்டிகளுக்கு வருகிறேன். பி.எம்.டபிள்யூவின் படத்தை நானும் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. ஓட்டுவதற்கு அதைப் போல ஒரு கார் இந்த விலையில் கிடைக்காது. ஆனால் அந்தக் காலத்து 320டி இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அது தேய்ந்து ஓசை கொடுக்கத் தொடங்கினால், முழுதாக மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியே ஆக வேண்டும். அந்த வேலை செங்கோட்டையிலும் நடக்காது, தென்காசியிலும் நடக்காது. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னியும் கிடையாது; கழுதுருட்டி தாண்டி ஒரு குழியில் டயரின் பக்கவாட்டு கிழிந்தால், பதின்மூன்று கண் ரயில் பாலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு கிரேனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த மாடலுக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவும் முடிந்துவிட்டது. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே அதற்கு 7,897 ரூபாய், ஆம்னிக்கு 2,094. தினமும் நம்பி ஓட்டத்தான் இந்த இரண்டாவது கார். அதற்கே இன்னொரு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டால் வாங்குவதில் பொருளில்லை.

கான்டெஸா எங்கள் தலைமுறையின் கனவு. 1984இல் வந்து 2002இல் நின்றுபோன வண்டி. இருபது வயது கடந்த கார்களுக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியும் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்ப்பதென்றால் வாங்கு, நானும் வந்து துடைக்கிறேன். தினமும் ஓட்ட வேண்டாம். அம்பாசடருக்கும் இதே பதில்தான். (நீ நினைத்தே பார்க்காத பின்சக்கர வண்டி ஒன்று உண்டு: டாடா நானோ. இன்ஜினே பின்னால்தான். ஊருக்குள் ஓட்ட அருமையானது. 624 சிசி இன்ஜினைக் கொண்டு தினமும் மலையேறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

மிஞ்சியது ஆம்னி. உதிரி பாகம் மலிவு, பார்க்கத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர். ஆனால் அதில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்தான் இருக்கிறது. பாறாங்கல் லாரிகள் வளைவுக்கு வளைவு எதிர்ப்படும் பாதையில் தினமும் அதில் உன்னை அனுப்பினால் என் அக்காளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் நான் சொல்வது மாருதியின் ஈகோ வேன். அதே போல முன்னிருக்கைக்கு அடியில் இன்ஜின், அதே பின்சக்கர இயக்கம், ஆனால் 1,196 சிசி. முன்பக்கம் சிறிய மூக்கு ஒன்றாவது இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு செய்ததாகப் பார், அப்போதிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும், பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. மழைக்காலத்தில் அந்த இறக்கத்தில் அதன் அருமை தெரியும். இதற்காக ஐம்பதாயிரம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, குறைந்தால் நான் தருகிறேன்.

பார்க்கப் போகும்போது பெயின்டையும் மியூசிக் சிஸ்டத்தையும் விட்டுவிட்டு நேராகப் பின்பக்கத்துக்குப் போ. பின்சக்கர வண்டியில் நீ காசு கொடுப்பது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை ஓடும் அந்த நீண்ட ஷாஃப்டுக்கும், அதன் முனையில் சக்கரங்களைச் சுழற்றும் கிரவுன் என்ற பற்சக்கரத்துக்கும்தான். வண்டியை நிறுத்தி, முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கும் மறுபடி முதல் கியருக்கும் மாற்றி மாற்றி மெல்ல நகர்த்து. அடியிலிருந்து 'டக்' என்று சத்தம் வந்தால் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் தேய்ந்திருக்கிறது, அல்லது கிரவுனில் இடைவெளி கூடியிருக்கிறது. கிராஸ் என்றால் சில்லறைச் செலவு, கிரவுன் என்றால் பேரம் பேசுவதற்குப் பதில் எழுந்து வந்துவிடு. பிறகு அறுபதில் ஓட்டிப் பார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'ஊங்' என்று ஊளையிட்டு, காலை எடுத்ததும் அந்த ஓசை அடங்கினால் அதுவும் கிரவுன்தான். இதை மறைக்கத்தான் கிரவுனை மூடியிருக்கும் ஹவுசிங்கில் கெட்டியான ஆயிலை ஊற்றுவார்கள். மரத்தூள் போட்டவர்களும் உண்டு. ஆகவே ஹவுசிங்கின் பிளக்கைக் கழற்றச் சொல்லி, விரலை உள்ளே விட்டு ஆயிலைத் தொட்டுப் பார். வெள்ளி மினுமினுப்பு விரலில் ஒட்டக் கூடாது.

ஹவுசிங்கின் மேலே விரல் நுனி அளவில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், அதையும் மறக்காதே. அது சேற்றில் அடைபட்டால், சூடான ஆயில் வெளியேற வழி தேடி ஓரத்து ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் டிரம்முக்குள் கசியும், லைனிங் நனையும், இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். பத்து ரூபாய்ப் பொருளைக் கவனிக்காததால் வரும் வினை இது. கொல்லத்துக் கடற்கரை ஓரம் ஓடிய வண்டியானால் தரைத் தகட்டையும் சுத்தியல் பிடியால் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் தகரம், மொத்தென்று கேட்டால் துருவை மறைக்கப் பூசிய பட்டி.

காகித விஷயம். 1956 அக்டோபர் வரை நம் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. இன்றோ பத்து மைல் தள்ளியிருப்பவரிடம் வண்டி வாங்க வேறு மாநில நடைமுறை. கே.எல். 25 என்ற புனலூர் எண்ணோடு அப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் கேட்காதே. வேறு மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் டி.என். எண் வாங்கியாக வேண்டும் என்பது சட்டம். புனலூர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வந்த பிறகுதான் முழுப் பணத்தையும் கொடு. இங்கே புதிதாக ஆயுள் வரி கட்ட வேண்டியிருப்பதை விலையில் கழித்துப் பேசு. 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் கேமரா அபராதம் விழுந்துகொண்டே இருக்கிறது. வண்டி எண்ணைப் போட்டு நிலுவை எவ்வளவு என்று பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டு, அதை விற்பவரையே கட்டச் சொல்.

புனலூரில் இரண்டு ஈகோ விலைக்கு இருப்பதாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடு. ஜாக்கியும் டார்ச்சும் எடுத்து வைத்திருக்கிறேன். ஹவுசிங்குக்குள் விரல் விட வேண்டியிருக்கும், வெள்ளைச் சட்டை போட்டு வராதே.

அன்புடன்,
உன் மாமா,
செங்கோட்டை