நீயாக நிறுத்திவிடாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு நீ சாப்பிடும் செர்ட்ராலினைப் பற்றி நேற்று ராத்திரி, "மாத்திரையை நிறுத்திட்டா தேவலைம்மா" என்றாய். அதற்குள் குழந்தை அழுதுவிட்டான், பேச்சு பாதியில் நின்றது. அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 14 வயதில் மூச்சிரைப்புக்கு மான்டெலுகாஸ்ட் சாப்பிட்டாய். கெட்ட கனவு கண்டு அலறி எழுவாய், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவாய். "நான் நானா இல்லம்மா" என்றுகூடச் சொன்னாய். வயசுக் கோளாறு என்று நான் உன்னைத் திட்டினேன், மூன்று மாதம். டாக்டர் மருந்தை மாற்றியதும் பழையபடி பாடிக்கொண்டு திரிந்தாய். மனநிலையைக் குலைக்கக்கூடியது என்று 2020-இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். அதைப் படித்த அன்று உனக்குத் தெரியாமல் அழுதேன். உன்னை நம்பாமல் போனேனே, மன்னித்துவிடு.

இந்த முறை நீ சொல்வதை அப்படியே நம்புகிறேன். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் செர்ட்ராலின் தொடக்கத்தில் கொடுக்கக்கூடியவைதான். தொந்தரவு முந்திக்கொண்டு வரும், பலன் மெல்ல வரும். மனம் தெளியச் சில வாரம் பிடிக்கும், உனக்கு இது மூன்றாவது வாரம்தான். ஆனால் உனக்கு வயது 23. 24 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆரம்பத்திலும் அளவைக் கூட்டும்போதும் தற்கொலை எண்ணம் எழலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, தனியாக இருக்காதே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாத குரல் கேட்டாலும், குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது பேசினாலும் அப்படியே செய்யச் சொல்லி மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

நீயாக மட்டும் நிறுத்திவிடாதே. சட்டென்று விட்டால் தலை சுற்றும், தலைக்குள் மின்சாரம் சுண்டுவதுபோல் இருக்கும். மனச்சோர்வும் திரும்பி வரலாம். குறைப்பதானால் டாக்டர் படிப்படியாகக் குறைக்கட்டும். பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று தவிக்காதே. இந்த மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் சேர்கிறது, பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பால் ஊற யாரோ கொடுத்ததாகச் சொன்னாயே, மெட்டோகுளோப்ரமைடு, அது மனச்சோர்வை உண்டாக்கக்கூடியது. செர்ட்ராலினோடு சேர்த்துச் சாப்பிடுவதும் நல்லதில்லை. இன்றே டாக்டருக்குப் போன் போட்டுக் கேள்.

நீ பிறந்தபோது நானும் மாதக்கணக்கில் அழுதேன். அதற்கு ஒரு பெயர் உண்டென்று யாரும் சொல்லவில்லை. மருந்தும் இல்லை, கேட்பாரும் இல்லை. உனக்கு அப்படி ஆகக்கூடாது.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது நானும் போனில் இருக்கிறேன். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, அன்றைக்குத் தூக்கம் எப்படி என்று ஞாபகம் இருக்கிறவரை எழுதிவை. ராத்திரி ஒரு வேளைப் பாலை மாப்பிள்ளை புட்டியில் கொடுக்கட்டும், நீ ஐந்து மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கு.

அம்மா